இறந்தவருக்கு என்ன உறவு?

தீவு மக்களுக்கு அந்த ஊரில் இரண்டு மன்றங்கள் இருந்தன. முதலாவது தீவு மக்கள் ஆதரவு மன்றம். அதில் தலைவர் பதவி கிடைக்காமல் முறைத்துக்கொண்டு போனவர்கள் ஆரம்பித்தது தீவு மக்கள் உண்மை ஆதரவு மன்றம். இரண்டிலும் சேர்த்து நாற்பது பேர். அவர்களில் தீவில் பிறந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் நாற்காலி போடுவதும் டீ ஊற்றுவதும் பொறுப்பு.

தையல்காரி அந்த மூவரில் ஒருத்தி. பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் வேலை. கடற்படைத் தளம் கட்டுவதற்காக அரசாங்கம் தீவையே காலி செய்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அக்காவின் தலைப்பிள்ளை பதினொரு நாள் இருந்துவிட்டு அங்கேயே மண்ணுக்குள் போயிருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் அக்கா இன்றைக்கும் சொல்வாள். செத்துப்போனது என்று சொல்ல வாய் வராது.

நாற்பத்தாறு வருடம் கழித்து அரசாங்கத்துக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. கல்லறைகளைப் பார்க்க ஒரே ஒரு படகு, பன்னிரண்டு இடம். அடுத்த படகு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் அக்காவின் இதயம் தாங்காது என்பது மட்டும் டாக்டருக்குத் தெரிந்திருந்தது.

முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மன்றங்களும் அன்றே ஒன்று சேர்ந்தன. அப்படி ஓர் ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை. மன்றத்துக்கு ஆறு இடம் என்று பத்தே நிமிடத்தில் பிரித்துக்கொண்டார்கள்.

“எங்க அக்காவுக்கு?” என்று தையல்காரி கேட்டாள்.

“வயசான காலத்துல அவங்களுக்கு ஏம்மா வீண் அலைச்சல்? அவங்க சார்பா நாங்க போறோம்” என்றார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளரான ஆதரவு மன்றத் தலைவர்.

நேராக அரசாங்கத்திடமே போய்க் கேட்டிருப்பாள். ஆனால் தீவுக்காரர்களின் மனு எதுவானாலும் மன்றம் வழியாகத்தான் போக வேண்டும் என்று தலைவர் பதினான்கு வருடமாகச் சொல்லி வைத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு டீ ஊற்றினாள்.

செயலாளரான பல் டாக்டர் விண்ணப்பத்தைப் படிக்க ஆரம்பித்தார். நான்காவது கேள்வியில் குரல் இறங்கியது. கல்லறையில் இருப்பவரின் பெயர். விண்ணப்பதாரருக்கு அவர் என்ன உறவு?

“மனிதநேய உறவுன்னு போடலாமா?” என்றார் ஒருவர்.

“படகுல ஏத்த மாட்டான்” என்றார் பல் டாக்டர்.

தலைவருக்குத்தான் மூளை வேலை செய்தது. “நம்ம தீவுக்காரங்க கிட்ட செத்தவங்க நிறைய பேர் இருப்பாங்கல்ல? ஆளுக்கு ஒருத்தரைக் குடுத்தா போதும்.”

சொல்லி வாய் மூடவில்லை, பொருளாளர் நாற்காலி போடும் பெரியவரிடம் அவருடைய அம்மாவைக் கேட்டு வாங்கியே விட்டார். பெரியவர் பாவம், மறுத்துப் பழக்கமில்லாதவர்.

தலைவர் தையல்காரி பக்கம் திரும்பினார். “உங்க அக்கா குழந்தைக்கு நான் தாய்மாமன்னு போட்டுக்கறேம்மா. பேர் என்ன?”

பல் டாக்டர் பேனாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அக்கா அந்தப் பெயரை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

“தெரியாது சார்.”

“சொந்த அக்கா குழந்தை பேர் தெரியாதா?”

“தாய்மாமன் நீங்கதானே சார். உங்களுக்குத் தெரியாதா?”

அவள் மேஜையிலிருந்து இரண்டு வெற்று விண்ணப்பங்களை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீக் கெட்டிலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் பட்டறையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, விண்ணப்பம் வாங்கும் அரசு அலுவலகத்துக்குப் போனாள். ஒரு தாளில் தாய், இன்னொன்றில் சித்தி. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பிறப்புச் சான்றிதழ்களைப் பார்த்து முத்திரை குத்தினாள்.

“மன்றம் வழியாதான் வரணும்னு சொன்னாங்களே” என்றாள் தையல்காரி.

“யாரு சொன்னா? தீவுல பொறந்தவங்க எதுக்கா இருந்தாலும் நேராவே வரலாம். எப்பவும் அப்படித்தானேம்மா. இந்தப் படகுக்கு மொத விண்ணப்பம் உங்களோடதுதான்.”

பதினான்கு வருடத்தை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. வாசலுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

“இடம் கிடைச்சிருச்சுக்கா.”

“கூட யாரெல்லாம் வர்றாங்க? போட்டோ எடுப்பாங்களா?”

“யாரும் இல்லக்கா. உனக்கும் எனக்கும்தான் போட்டிருக்கேன்.”



“அப்போ அழலாம்” என்றாள் அக்கா.