டேரன் தொடாத துப்பாக்கி

எட்செபாரி குடும்பத்தில் பெண் எடுக்கிறவனுக்கு மாமனார் தன் கையாலேயே ஒரு மான் வேட்டைத் துப்பாக்கி கொடுப்பார். மூத்த மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் அதை வாங்கித் தோளில் வைத்து, குறி பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். மைடேயைக் கட்டப்போகும் டேரன் மட்டும் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"இந்தா மாப்ள, பிடி," என்றார் மைடேயின் அப்பா.

"உங்ககிட்டயே இருக்கட்டும் சார். முதுகு வலி, தூக்க முடியல."

தங்கச் சுரங்கத்தில் நாள் முழுக்க லாரி டயர் மாட்டுகிறவனுக்குத் துப்பாக்கி தூக்க முதுகு வலியாம்.

"வெடிச்சா அழுதுடுவான் போல," என்று மூத்த மாப்பிள்ளை சிரித்தான். மைடேக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை கல்யாணம்.

போன இரண்டு மான் வேட்டை சீசனிலும் இப்படித்தான் ஏதோ சாக்கு சொன்னான். வேட்டைக்காரர் ஊரான எல்கோவில் துப்பாக்கியைத் தொடாத ஆம்பளை என்றால் ஒன்று சாமியார், இல்லையென்றால் தொடக்கூடாது என்று சட்டம் தடுத்தவன். பெண்டாட்டியை அடித்துத் தண்டனை வாங்கியவனுக்கு அந்தத் தடை உண்டென்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். டேரன் சாமியார் இல்லை என்பது மைடேக்கு நன்றாகவே தெரியும்.

கோர்ட் இணையதளத்தில் அவன் பேரைப் போட்டுத் தேடினாள். ஒன்றுமே இல்லை. வேலைக்கு எடுக்கும்போது சுரங்கக் கம்பெனி விசாரித்ததிலும் ஒன்றும் வரவில்லை. அப்படித் துடைத்து வைத்த மாதிரி இருந்ததுதான் அவளை இன்னும் உறுத்தியது. வியாழன் மதியம் நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டாள்.

"உன் மேல கேஸ் இருந்துச்சா?"

"தேடிப் பாத்தியா?"

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் இல்லாதவன் ஏன் கையைப் பாக்கெட்ல விட்டான்?"

டேரன் நாற்காலியில் உட்கார்ந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ரீனோ நகரத்தில், முதல் மனைவியை அடித்ததாகச் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கினான். ஏழு வருஷம் காத்திருந்து, யாரும் பார்க்க முடியாதபடி ரெக்கார்டுக்குச் சீல் வைக்கும்படி கோர்ட்டில் கேட்டான். வைத்துவிட்டார்கள்.

"யார் கேட்டாலும் அது நடக்கவே இல்லன்னு நான் சொல்லலாம் மைடே. சட்டமே அப்படித்தான் சொல்லுது. துப்பாக்கி உரிமை மட்டும்தான் திரும்பக் கெடைக்கல."

"அவளுக்கும் நடக்கலையா?"

அவன் குடியை விட்டதையும், கோபத்தை அடக்கும் வகுப்புக்கு ஆறு மாசம் போனதையும் சொன்னான். கண் கலங்கியிருந்தது. மைடேக்கு மனசு இளகிவிட்டது. பதினோரு வருஷத்தில் ஒரு மனுஷன் மாறக்கூடாதா என்ன? அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேட்க ஒன்றுதான் பாக்கி இருந்தது.

"அவள ஏன் அடிச்ச?"

டேரன் யோசிக்கவே இல்லை.

"அவ சரியான சந்தேகப் பிராணி. என் விஷயத்தையே தோண்டிக்கிட்டு, கேள்வி மேல கேள்வி. மனுஷன் எவ்வளவுதான் பொறுத்துக்குவான்?"

மெதுவாகத்தான் சொன்னான், அவள் கையைப் பிடித்துக்கொண்டே. மைடே அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. கையை மெல்ல உருவிக்கொண்டு, மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்தாள்.

"எங்க போற?"

"கேக் கடைக்கு," என்று சிரித்தாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. சனிக்கிழமை வர வேண்டாம் என்பதை அப்பா வீட்டுக்குள் போய், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, போனில் சொன்னாள்.