கல்லில் மாட்டிய மடி

கெர்கென்னா தீவின் கரையோரக் கடலில் பேரீச்ச மட்டைகளை நட்டு, வேலி கட்டி மீன் பிடிப்பவர் மஹ்ரஸ். அதில் பசி அடங்காது என்று அவர் தம்பி லம்ஜெத், கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியோடு ஒரு படகு வாங்கினான். மடி கடற்புல்லை வேரோடு பிடுங்கியது. அண்ணன் வேலிக்கு மீன் வருவது நின்றது.

மீனவர் சங்கம் கூடி, மடியைக் கிழிக்கும் சிமெண்டுக் கற்களைக் கடலில் இறக்க முடிவு செய்தது. இடம் காட்டியவர் மஹ்ரஸ். தம்பியை எச்சரிக்கவும் செய்தார்.

"பிள்ளைங்களுக்கு உங்க கல்லையா வேக வச்சுப் போடுறது?" என்று சிரித்துவிட்டுப் போனான் லம்ஜெத்.

குளிர்காலத்து விடியலொன்றில் அவன் மடி கல்லில் மாட்டியது. விடாமல் இழுத்திருக்கிறான். கவிழ்ந்த படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை.

பிறகு புல் தழைத்தது, எட்டுக்கால் பேய்க்கணவாய் பெருகியது. ஊர் மஹ்ரஸைக் கொண்டாடியது. அவருக்கோ காற்றடங்கிய காலைகளில் ஓர் இயந்திரம் திணறும் சத்தம் கேட்டது. பிடித்த கணவாயை வீட்டில் சமைக்க விடவில்லை. எதைத் தின்று கொழுத்ததோ என்ற நினைப்பு.

மடி அங்கேயே கிடந்து மீன்களைக் கொன்றது. அதை எடுத்துவிடச் சங்கம் சொன்னதும், மஹ்ரஸ் தம்பி மனைவி ஸொஹ்ராவிடம் போனார்.

"பெருநாளுக்குப் பெருநாள் அதுக்கு மேல படக நிறுத்தி ஓதுறேன். அதையும் எடுத்துட்டா நான் எங்கண்ணே போவேன்?"

அவர் திரும்பிவிட்டார். அடுத்த பெருநாளில் அவரே அவளை ஏற்றிப் படகோட்டிப் போனார். தெளிந்த நீரில், மடிக்குள் ஓர் ஆமை துடுப்புக்காலை அடித்துக்கொண்டிருந்தது. ஸொஹ்ரா வெகுநேரம் பார்த்தாள்.

"அறுத்துவிடுங்க."

மஹ்ரஸ் மூழ்கி அறுத்தார். ஆமை போயிற்று. மடியையும் கல்லிலிருந்து விடுவித்துப் படகில் ஏற்றினார். கரையில் மடியை விரித்து, ஒவ்வொரு வலைக்கண்ணாகத் தடவிப் பார்த்தாள் ஸொஹ்ரா. மீன்முள்ளும் சிப்பியும்தான் இருந்தன.

"அந்த இடத்தக் காட்டும்போது, அவன் அங்கதான் மடி போடுவான்னு எனக்குத் தெரியும்," என்றார் மஹ்ரஸ்.

"அவருக்கும் தெரியும்ண்ணே. 'எனக்குன்னே அண்ணன் ஒரு கல்லு போட்டிருக்காரு'ன்னு, நீங்க எச்சரிச்ச அன்னைக்கு ராத்திரியே சொன்னாரு." அவள் நிமிரவில்லை. "நானுந்தான் போகாதீங்கன்னு சொல்லல. வீட்ல மாவு இல்ல."

மடியை எரிக்க அவள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். வலைக்கு ஏது தொழுகை என்று இமாம் வரவில்லை. இழுவைமடிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மஹ்ரஸுக்கு ஸலாம் சொல்லாமல், ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள்.