ஒன்னால வரல

நர்ஸ் ஜெயஷீலா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை உலகம்மையும் அவள் கணவன் சொரிமுத்துவும் இருந்த பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எல்லையோரத்துப் பாறசாலைக்காரி, இரண்டு பாஷையும் தெரியும். டாக்டர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"பேடிக்காண்டாம் அக்கா, பயப்படாதீங்க. கேன்சர் ஆகல்ல. கர்ப்பப்பை வாயில செல்லு மாறத் தொடங்கியிருக்கு. செவ்வாய்க்கிழமை வந்தா சூடு வச்சு எடுத்திடலாம்."

"எதனால வந்துச்சு?" என்றாள் உலகம்மை.

அவளிடமே காரணங்கள் இருந்தன. ஓட்டல் அடுக்களையில் பன்னிரண்டு வருடம் நின்ற அடுப்புச் சூடு, மாற்ற நேரமில்லாத தீட்டுத்துணி, பதினேழு வயதில் கல்யாணம், அடுத்தடுத்து மூன்று பிரசவம். அடுப்பால் வராது என்றாள் ஜெயஷீலா. சின்ன வயதிலேயே பெற்றதும், வீட்டில் பீடிப்புகையும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டலாம். மூலம் ஒரு வைரஸ், உடம்பு சேரும்போது ஒட்டுவது. "முக்காவாசிப் பேருக்குத் தன்னால போயிரும். சிலருக்குப் பத்து பதினஞ்சு வருஷம் சத்தமில்லாம கெடக்கும். யாருகிட்டேருந்து, எப்பன்னு ஆருக்கும் சொல்ல ஒக்காது." வராமல் தடுக்க ஊசி உண்டு, மகள் இருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள். அவர்களுக்கு ஒருத்தி உண்டு, பொன்செல்வி.

சொல்ல முடியாது என்பதை மட்டும் சொரிமுத்து பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாப் வரை நடக்கையில் அதையே மனதுக்குள் உருட்டினான். சொல்ல முடியாதென்றால் சொல்லவேண்டியதும் இல்லை. டைல்ஸ் ஒட்ட இந்த ஊருக்கு முதலில் வந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடி, காசு கொடுத்து ஒருத்தியிடம் போன அறை. அதற்கு அடுத்த வருடம்தான் உலகம்மையைப் பெண் பார்க்கப் போனார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்குத்தான் சுத்தம் பத்தல. துணிய வெயில்ல காயப்போட எடமா இருக்கு? ஒங்களுக்கு ஒண்ணும் ஒட்டியிருக்காதுல்லா?"

அவளுடைய பயம் அவனுக்காக இருந்தது. அதுதான் அவனைப் பேச வைத்தது.

"ஒன்னால வரல," என்றான். "கல்யாணத்துக்கு முன்ன நான் ஒரு எடத்துக்குப் போயிருக்கேன். ரெண்டு தடவ."

அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு பஸ்கள் வந்து போயின.

"மூணு பிள்ள பெத்த பொறவு சொல்லுதீங்க."

அவன் விரலிடுக்கில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினான்.

"பொன்செல்விக்கு ஊசி போட நீங்க கூட்டிட்டுப் போங்க. எதுக்குன்னு கேப்பா. நீங்களே சொல்லுங்க."

பஸ் வந்தது. அவள் முன்வாசல் வழியாகப் பெண்கள் பக்கம் ஏறினாள், அவன் பின்வாசலில். நல்ல கூட்டம். தலைகளுக்கு நடுவே, கம்பியைப் பற்றியிருந்த அவள் கை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் இறங்க ஏற அது மறைந்தது. அவன் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.