காருக்குப் பட்ட கண்

சுதந்திரம் கிடைத்த ஆண்டில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்திலேயே தானாக கியர் மாறும் கார் என்னுடையது ஒன்றுதான். ஒரு நாள் காலை அதன் அடியில் சிவப்பாக ஏதோ தேங்கிக் கிடந்தது. மெக்கானிக் ஷரீஃபுதீன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"செவப்பா இருந்தா கியர் எண்ணெய்தான் அண்ணே. ஒழுகுது. கழட்டித்தான் பாக்கணும்."

சாயங்காலத்துக்குள் கியர் பெட்டி துண்டு துண்டாகச் சாக்கின்மேல் கிடந்தது. "எண்ணெய் ஒரு சொட்டும் குறையலையே" என்று அந்தப் பாவி அப்போதுதான் சொன்னான்! நான் போட்ட கத்தலில் தெருவே கூடிவிட்டது.

என் மனைவி சாரதாம்பாள் ஆரத்தித் தட்டுடன் வந்தாள். காருக்குச் சுற்றிவிட்டு, சிவப்புத் தண்ணீரை முன்சக்கரத்தருகே ஊற்றினாள். அது வழிந்து, காலையில் கண்ட அதே இடத்தில் தேங்கியது.

"பாத்தீங்களா? விடியக்காலையிலதான் சுத்தி ஊத்தினேன். அதுக்குள்ள கார் இந்தக் கதிக்கு ஆயிருச்சு. அவ்வளவு கண்ணு!"