லூர்துவின் துவக்கு

இத்தாலியின் போர்கோ வெக்கியோ சந்தை மூலையில் இருந்த தன் பலசரக்குக் கடையைத் திறக்கப் போன லூர்துவின் கையில் சாவி அப்படியே நின்றுவிட்டது. பூட்டின் துவாரம் முழுக்கப் பசை. அந்தத் தெருவில் அதற்கு ஒரே பொருள்தான். "கடைக்குப் பாதுகாப்புத் தருகிறோம், மாதாமாதம் எங்களைக் கவனி" என்று போன கிழமை வந்து கேட்ட இரண்டு பேரும் எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பூட்டை உடைத்த கையோடு லூர்து றெஜிக்குப் போன் எடுத்தான். றெஜி அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுபயிற்சிக் களத்துக்குப் போகிறவன்.

"முதல் கைத்துவக்கு எண்டால் ரிவோல்வர் எடுங்கோ அண்ணை," என்றான் றெஜி, கடைக்கு வந்து அரிசி மூட்டையில் குந்தியபடி. "புதுசாப் பழகிற ஆளுக்கு அதுதான் சுகம். இடையிலை இறுகி நிக்காது. வடிவாச் சின்னதாக் கிடக்கெண்டு மயங்காதையுங்கோ. சின்னதுதான் கையிலை கூடத் துள்ளும். களத்திலை பழகிப்போட்டு வாங்குங்கோ. பொலிசின்ரை அனுமதி வேணும், டொக்டரின்ரை துண்டு வேணும். வீட்டிலை பூட்டி வைக்கோணும்."

"கடைக்குக் கொண்டு வரலாமோ?"

"சீ, அதுக்கு வேறை அனுமதி. லேசிலை தராங்கள்."

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த லூர்துவின் மனைவி செலஸ்ரீனா நிமிர்ந்தாள். "நல்ல கதை! அவங்கள் வந்து நிண்டால், 'கொஞ்சம் பொறுங்கோ தம்பியவை, பிரான்காச்சோவுக்கு பஸ் பிடிச்சு வீட்டை போய் எடுத்துக்கொண்டு வாறன்' எண்டு சொல்லுவியளாக்கும்?"

றெஜி சிரித்தான். லூர்து சிரிக்கவில்லை. "பசை வைச்சவன் நாளைக்கு நெருப்பு வைப்பான். நான் பாத்துக்கொண்டு நிக்கிறதே?" என்று எழுந்து, றெஜியோடு ஆயுதக் கடைக்குப் புறப்பட்டுவிட்டான்.

செலஸ்ரீனா உடனே பங்குக் கோயிலில் பணி செய்யும் அற்புதமலர் சிஸ்டருக்குப் போன் எடுத்தாள். "சிஸ்ரர், காசு கேட்டு வாறவங்களுக்கு இவர் குனிய மாட்டாராம். இந்தத் தெருவிலை முதல் துவக்கு இவற்ரை கையிலைதான். பயமாக் கிடக்கு, செபியுங்கோ."

சிஸ்டர் தூத்துக்குடிக்காரர். அவர் ஊரில் துப்பாக்கிக்குத் துப்பாக்கி என்றுதான் பெயர். துவக்கு என்றால் தொடக்கம். காசு தர மாட்டேன் என்று பொலிசுக்குப் போகும் முதல் ஆள் லூர்து என்று எடுத்துக்கொண்டார்.

"எதுக்கும்மா பயம்? யாராவது ஒருத்தர் துவக்கணும்லா? ஆண்டவர் கூட இருப்பாரு. நான் இப்பவே எல்லார்ட்டயும் சொல்லிடுறேன்!"

"எல்லாரிட்டையுமோ?" என்று செலஸ்ரீனா பதறுவதற்குள் போன் நின்றுவிட்டது.

லூர்து மதியம் திரும்பினான். வாங்கவில்லை, எடுத்துப் பார்த்திருந்தான். அந்த இரும்பின் குளிர் இன்னும் உள்ளங்கையில் இருந்தது. கடை வாசலில் கூட்டம். ரொட்டிக்கடைப் பீனா, மீன்கடை நீனோ, இன்னும் சில கடைக்காரர்கள், நடுவில் சிஸ்டர்.

பீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடுக்க மாட்டேன் என்று பொலிசில் எழுதிக்கொடுக்க நீதான் முதலில் போகிறாயாமே? சிஸ்டர் சொன்னார். எங்களிடமும் வருஷக்கணக்காகப் பிடுங்குகிறார்கள். நாங்களும் வருகிறோம். என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சோறு கட்டி அனுப்பியவன் நீ. உன்னைத் தனியே விடுவேனா?"

லூர்து செலஸ்ரீனாவைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அது அந்தத் துவக்கு இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். சொன்னால் எல்லாரும் தத்தம் கடைக்குத் திரும்பிவிடுவார்கள். அவனும் அந்த இரும்பும்தான் மிஞ்சும்.

"ஓம்," என்றான் தமிழிலேயே. பிறகு இத்தாலிய மொழியில், "வாருங்கள், போவோம்."

மறுநாள் காலை அந்த இரண்டு பேரும் வந்தார்கள். "புதுப் பூட்டா? அழகாக இருக்கிறது," என்று மூத்தவன் இளித்தான்.

லூர்து வாசலை விட்டு நகரவில்லை. "தர மாட்டேன். பொலிசில் சொல்லியாயிற்று."

"நீ ஒருத்தனா?"

"நானும்!" என்று எதிர்க்கடையிலிருந்து பீனா கத்தினாள். நீனோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் வந்து நின்றார். வந்தவர்கள் தெருவை ஒருமுறை பார்த்தார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

சங்கதி கேட்டு ஓடி வந்த றெஜி, "அப்ப ரிவோல்வர் வேண்டாமோ அண்ணை?" என்றான்.

"வேண்டாமடா தம்பி," என்றான் லூர்து. "நான் அதைத் தூக்கியிருந்தால் இவ்வளவு சனமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்கை இருந்திருக்கும். அவங்களிட்டை இல்லாத ஆயுதமே? அநியாயக்காரன் ஆயுதத்துக்குப் பயப்பிடான். பக்கத்துக் கடைக்காரன் வெளியிலை வந்து நிக்கிறதுக்குத்தான் பயப்பிடுவான்."