பெட்டி தூக்க ஆறு பேர்

ஆளுயர மலர்வளையத்தை லிஃப்டுக்குள் திரும்பத் தள்ளப் பார்த்தாள் இன்ஹே. கொண்டுவந்தவன் விடவில்லை.

"அக்கா, இறக்கினது இறக்கினதுதான். கையெழுத்துப் போடுங்க."

"நாடாவப் படிச்சியா நீ?"

அவன் அப்போதுதான் படித்தான். 'ஒளிமயமான புதிய தொடக்கத்துக்கு மனமார்ந்த வாழ்த்துகள்.' பூக்களும் சாவு வீட்டு வெள்ளையில்லை, நல்ல இளஞ்சிவப்பு. அனுப்பியது கடல் காற்றாலைக் கூட்டு நிறுவனம். பாதி அரசு, பாதி தனியார். நாடாவில் இரண்டு பெயரும் சம அளவில் இருந்தன.

"இன்னிக்கு நகராட்சி மண்டபத்துல இவங்க ஒப்பந்தக் கையெழுத்து விழா. ரெண்டுக்கும் ஒரே வண்டிதான்." அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப உங்களுது அங்க போயிருச்சு."

உள்ளே, அஞ்சலிக் கூடத்தின் கடைசி மேசையில், துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் மாட்டிறைச்சிச் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்த நான்கு பேரும் நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் ஷிப்ட் ஆட்கள். அப்பா ப்யோ சாங்மான், நிலக்கரி மின்நிலையத்தில் கரி கொண்டுபோகும் கன்வேயர் பட்டைப் பிரிவு, முப்பத்தொரு வருஷம். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மின்நிலையம் டிசம்பரில் மூடப்படும். மூடுவது லாபம் என்று இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் நிரூபித்த ஆய்வுக்குழுவில் இன்ஹேயும் ஒருத்தி. அந்தக் காற்றாலைக் கூட்டணிக்கு அடித்தளம் அதுதான் என்று விழா அழைப்பிதழிலேயே போட்டிருந்தது.

நான்கு பேரும் அப்பாவின் படத்துக்கு முறைப்படி இரண்டு முறை விழுந்து வணங்கியிருந்தார்கள். அடுத்து மகளைப் பார்த்து ஒரு முறை வணங்க வேண்டும். அதை மட்டும் மறந்துபோய்ச் சூப்புக்குப் போய்விட்டார்கள். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் மறதி.

ஈமக்காரியப் பொறுப்பாளர் மூன்றாவது முறையாக வந்தார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் பெட்டி எடுக்கணும். தூக்கறதுக்கு ஆறு பேர் வேணும். அஞ்சு மணிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க."

தாளில் சித்தப்பா பையன்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சித்தப்பாவுக்கு இடுப்பு வலி. மணி நாலு நாற்பது.

இன்ஹே கடைசி மேசைக்குப் போனாள். உட்காரச் சொல்ல யாருமில்லாததால் நின்றாள்.

"பாங் மாமா, அந்த மலர்வளையத்த எடுக்கச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

பாங் தல்சூ, ஷிப்ட் தலைவர், முள்ளங்கித் துண்டைக் கடித்தார். "ஏன் எடுக்கற? இருக்கட்டும். அங்க போன இரங்கல்தான் சரியான விலாசத்துக்குப் போயிருக்கு."

ஒருவருக்குச் சூப்போடு சிரித்துப் புரையேறியது.

"மாமா, நாளைக்கு..."

"ஒன் அறிக்கைய ஒங்கப்பன் ஓய்வறைக்குக் கொண்டு வந்தான் தெரியுமா? கண்ணாடி போட்டுக்கிட்டு எங்க பேர் எங்கேன்னு ஒரு வாரம் தேடினான். இணைப்பு ஏழுல இருந்துச்சு. 'இதர காரணிகள்'."

அப்பா அதைப் படித்ததே அவளுக்குத் தெரியாது. "என்ன சொன்னாரு?"

"தப்பு ஒண்ணு இருக்குன்னான். நீ கன்வேயர் நீளம் முந்நூறு மீட்டர்னு போட்டிருக்கியாம். முந்நூத்தி நாப்பதாம். போன் பண்ணிச் சொல்லுடான்னேன். வேணாம், அச்சடிச்சாச்சு, பிள்ள வருத்தப்படும்னுட்டான்."

இன்ஹே கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"பெட்டி தூக்க ஆள் வேணும் மாமா."

"எங்களுக்கு ஷிப்ட் இருக்கு. டிசம்பர் வரைக்கும் இருக்குன்னு நீதானே எழுதியிருக்க." எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

அஞ்சு மணிக்குப் பொறுப்பாளர் தாளை வாங்கிப் படித்தார். "நாலாவதும் அஞ்சாவதும் ஆறாவதும் காலியா இருக்கே. மூணாவதா 'இன்ஹே'ன்னு போட்டிருக்கே, யாரு அது?"

"நான்தான்."

"மக பின்னால நடந்து வர்றதுதான்மா வழக்கம்."

"எண்ணிக்கை ஆறுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அன்றிரவு தொலைபேசியில் இருந்த எல்லாப் பெயர்களையும் மேலிருந்து கீழ் தள்ளிப் பார்த்தாள். ஆய்வு மையத்திலிருந்து ஆறு பேர் ஆழ்ந்த அனுதாபம் அனுப்பியிருந்தார்கள்.

காலை ஆறு ஐம்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. நீல வேலையுடுப்பு, காதோரம் கரித்தூள். பாங் தல்சூவும் இரண்டு பேரும். இப்போதும் அவளுக்கு வணக்கமில்லை. வெள்ளைக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

சித்தப்பா பதறினார். "நல்லவேளை! இன்ஹே, நீ பின்னால போ. அஞ்சு பேரே சமாளிச்சுக்குவாங்க. பொம்பளப் பிள்ள தூக்கினா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"விடுங்க." பாங் அவளைப் பார்க்காமலே சொன்னார். "எழுதிட்டா இல்ல. எழுதினத அவ எப்ப மாத்தியிருக்கா?" பிறகு இடது பக்கத்தைக் காட்டினார். "நடுவுல நில்லு. என் பின்னால."

தூக்கினார்கள். அவள் நினைத்ததைவிடக் கனம். கறுப்புத் துக்கப் பாவாடை கணுக்காலில் சுற்றியது. எட்டி வைக்க முடியவில்லை. இரண்டு தப்படியில் பெட்டி ஒரு பக்கம் இழுத்தது. பின்னாலிருந்தவர் ஏதோ முனகினார்.

முன்னால் பாங்கின் பூட்ஸ் ஒரு கணம் தயங்கியது. பிறகு பாதிப் பாதி அடியாக வைக்கத் தொடங்கியது. வலப்பக்கத்தாரும் அடியைக் குறுக்கிக்கொண்டார்கள்.

வாசலில் ஓட்டுநர் இன்ஜினைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். தாழ்வாரம் நீளம். ஆறு பேரும் சின்னச் சின்ன அடியாக வந்துகொண்டிருந்தார்கள்.