தொம்மை திரும்ப வாங்கிய வார்த்தை

ராசப்பன் மகள் ரோஜாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை சாத்தான் அவளை விட்டுப் போனான். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் திரும்பி வரவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது தெரிந்திருப்பதைப் போல. தப்பு முழுக்க ஞானத்தகப்பன் தொம்மையுடையது. தூத்துக்குடியிலிருந்து வந்து பள்ளுருத்தி ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருந்த தொம்மை, அதற்கு முந்தின நாள்தான் மனைவியின் சங்கிலியை விற்றுக் குடித்திருந்தார். பாதிரியார் குழந்தையைப் பார்த்து, "சாத்தானை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்பார், குழந்தைக்குப் பதிலாக ஞானத்தகப்பன் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு முணுமுணுக்கிற அந்தப் பதிலை, தொம்மை கண்ணீர் வழிய, கோவிலே அதிரும்படி, "விட்டுவிடுகிறேன்" என்று சொன்னார். தனக்காகத்தான் சொன்னார், பாவம். ஆனால் சடங்குப்படி அந்த நேரத்தில் அவர் வாய் குழந்தையின் வாய். ஆகவே சாத்தான் குழந்தையை விட்டுப் போனான். தொம்மை அன்று சாயங்காலமே மறுபடியும் குடித்தார்.

ரோஜாவால் தப்புச் செய்ய முடியவில்லை என்பது அவள் நடக்க ஆரம்பித்தபோது தெரிந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் போன கை பாதியிலேயே மரக்கட்டை மாதிரி நின்றுவிடும். பொய் சொல்ல வாயெடுத்தால் தாடை பூட்டிக்கொள்ளும். ஆசை என்னவோ எல்லாப் பிள்ளைகளுக்கும் போலத்தான் இருந்தது, அடியெடுத்து வைக்கத்தான் முடியவில்லை. சந்து இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அவளைச் சாட்சிக்கு இழுத்தார்கள். பஜாரில் வேலைக்கு வைத்தவர்கள் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் இது இந்த வருடத்து மிளகா என்று யாராவது கேட்டால் அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள், என் மகனைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் அதே பதில்தான் கிடைத்தது. அந்த அம்மாள் குடித்துக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள். ரோஜாவின் அம்மா ரீத்தம்மாள் இரண்டு நாள் அழுதாள்.

பதினைந்து வயதில் ரோஜா பாதிரியாரிடம் போய், தான் செய்கிற நல்லதெல்லாம் கடவுள் கணக்கில் சேருமா என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர், படித்தவர். கடவுள் மனுஷனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், தீமையைச் செய்ய முடிந்தும் செய்யாமல் இருப்பதுதான் புண்ணியம் என்று தொடங்கியவர், எதிரில் நிற்பது யார் என்று ஞாபகம் வந்து நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஈஸ்டர் இரவுத் திருவிழிப்புப் பூசையில் எல்லோரோடும் சேர்ந்து ஞானஸ்நான வாக்கைப் புதுப்பிக்கும்போது, ஒரு தடவையாவது 'விடவில்லை' என்று சொல்லிவிட ரோஜா முயற்சி செய்தாள். அதுவும் பாவம் என்பதால் அவள் வாய் தானாகவே சரியான பதிலைச் சொன்னது. பூட்டிய வீட்டுக்குள் பிறந்தவள் மாதிரி அவள் இருந்தாள், சாவி வெளியில் யாரிடமோ இருந்தது.

போன வருடம் மழைக்காலத்தில், டைல்ஸ் வேலைக்கு ஆள் கொண்டுவருகிற கேசவின் மனைவி மகா, தலை உடைந்து ரத்தத்தோடு ஓடிவந்து ராசப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஏற்கெனவே இரண்டு முறை சொந்தக்காரர்கள் சமாதானம் பேசி அவளைக் கேசவிடமே அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது முறை போனால் உயிரோடு இருக்க மாட்டாள் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கதவைத் திறந்தது ரோஜாதான். திறக்காமல் இருக்க அவளால் முடியாது. மகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீ நல்லவ என்று சொன்னபோது, ரோஜாவுக்கு வந்த கோபத்தை ரீத்தம்மாள் அதுவரை பார்த்ததில்லை.

"நான் நல்லவ இல்லக்கா. எனக்கு வேற வழி கெடையாது, அவ்வளவுதான்."

மகா சந்துக்குள் நுழைந்ததைக் கேசவ் பார்த்திருந்தான். எந்த வீடு என்றுதான் தெரியவில்லை. தம்பிகளைச் சந்தின் இரண்டு முனையிலும் நிறுத்திவிட்டு வீடு வீடாகக் கேட்டான். எல்லோரும் இல்லை என்றார்கள், சிலர் மாதாவின் மேல் சத்தியம்கூடச் செய்தார்கள். கேசவ் யாரையும் நம்பவில்லை. ரோஜா வந்து தன் வாயால் இல்லை என்று சொல்லட்டும், அந்த நிமிஷமே போய்விடுகிறேன் என்று ராசப்பன் வாசலில் நின்று சொன்னான். அவளுக்குக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது என்று ரீத்தம்மாள் சமாளித்தாள். ரோஜா பேசாமல் இருக்கலாம், அது பாவம் இல்லை. ஆனால் எங்கள் சந்தில் ரோஜா பேசாமல் நின்றால் அதுவே பதில். ஆக, ஒரே வீட்டின் பின்கட்டில் இரண்டு பெண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள், மகா கேசவுக்குப் பயந்து, ரோஜா தன் வாய்க்குப் பயந்து. சனிக்கிழமை காலைக்குள் ரோஜா வெளியே வராவிட்டால் ஒவ்வொரு வீடாக உள்ளே புகுந்து பார்ப்பேன் என்று கேசவ் சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்கிற ஆள்.

வெள்ளிக்கிழமை ரோஜா தொம்மைக்குப் போன் செய்தாள். மகா எங்கே இருக்கிறாள், நாளை என்ன நடக்கும் என்பதைச் சொன்னாள். கேட்க நினைத்ததைக் கேட்கத்தான் முடியவில்லை, அந்த இடத்தில் தாடை பூட்டிக்கொண்டது. தொம்மை குடிகாரர்தான், முட்டாள் இல்லை. அவள் எங்கே நின்றுபோனாள் என்பதை வைத்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"அன்னிக்கு நான் சொன்னதத் திரும்ப வாங்கினா, நான் நரகத்துக்குத்தான் போவேன், இல்லியா புள்ள?"

"தெரியல மாமா."

வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருப்பார்கள். அவளால் அதுகூட முடியவில்லையே என்றுதான் அவள் அன்று ரொம்ப நேரம் அழுதாள்.

மறுநாள் காலை தொம்மை குடிக்கவில்லை. இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனார். ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ரோஜாவுக்காகத் தான் அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும், இனிமேல் அவள் பாடு அவளே பார்த்துக்கொள்வாள் என்றும், அதற்குத் தண்டனை ஏதாவது இருந்தால் தன் பேரில் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் இதைக் கேட்டிருக்கிறாள்.

சாத்தான் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். மெலிந்த உடம்பு, மழையில் நனைந்த சட்டை. சந்து முனையில் நின்ற கேசவின் தம்பி அவனைப் பார்த்தும் நிறுத்தவில்லை, தெரிந்த முகம்தானே. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நேராகப் பின்கட்டுக்குப் போய் ரோஜாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். வெளியே கேசவ் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தான். ரோஜா காத்திருந்தாள். இப்போது அவன் தன்னைப் பிடித்துத் தள்ளுவான், பொய் தானாக வந்துவிடும் என்று நினைத்தாள். அவன் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"நீ ஒண்ணும் பண்ண மாட்டியா?" என்று ரோஜா கேட்டாள்.

"நான் ஒருத்தரையும் தள்ளினதில்ல" என்றான் சாத்தான். "எல்லாரும் சும்மா என் பேரச் சொல்லுவாங்க."

அப்போதுதான் ரோஜாவுக்கு உண்மையான பயம் வந்தது. பூட்டு போய்விட்டது, இழுத்துக்கொண்டு போக ஆளும் இல்லை. வாய் முழுக்க அவளுடையதாக இருந்தது. அவள் உண்மையைச் சொல்லலாம், பொய்யும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் அது அவள் தலையில்தான் விழும். இப்படி ஒரு பாரத்தோடுதான் எல்லோரும் கடைக்குப் போகிறார்கள், சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள் என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டு முன்வாசலுக்குப் போனாள். சந்தே வந்து நின்றது. ரீத்தம்மாள் மகள் வாயைப் பொத்துவதற்குத் தயாராகப் பின்னாலேயே வந்தாள்.

"மகா அக்கா இங்க இல்ல" என்றாள் ரோஜா. "எந்த வீட்லயும் இல்ல. வைப்பின் தீவுக்குப் போற போட்ல ஏறிப் போயிட்டா. நான் பாத்தேன்."

கேசவ் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, ரோஜா சொன்னால் சரிதான் என்று சொல்லிவிட்டுத் தம்பிகளைக் கூப்பிட்டுக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போனான். அவளுடைய இருபத்திரண்டு வருட உண்மையும் அந்த ஒரு வாக்கியத்துக்குச் செலவாகிவிட்டது. மத்தியானமே மகா பஸ் ஏறி எறணாகுளம் போய், அங்கிருந்து ரயிலில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் ரோஜாவைக் கட்டிப்பிடித்து, முன்பு சொன்ன அதே வார்த்தையை மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை ரோஜா மறுக்கவில்லை.

விஷயம் தெரிந்து கேசவ் அடுத்த வாரம் கல்லெறிந்து ராசப்பன் வீட்டு ஜன்னல் இரண்டை உடைத்தான், அதற்கு மேல் அவனால் ஒன்றும் முடியவில்லை. சந்துக்காரர்கள் ரோஜா செய்தது சரி என்று ஒரே குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டுத் தங்கள் சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். தொம்மை பாவசங்கீர்த்தனம் செய்தபோது, புதிய பாதிரியார் என்ன அபராதம் கொடுப்பது என்று தெரியாமல், போய் ஏதாவது சாப்பிடுங்கள் என்று அனுப்பிவைத்தார். ரோஜாவுக்குத்தான் ஒரு மாதம் சரியாகத் தூக்கம் இல்லை. கேசவ் தன் முகத்தைப் பார்த்து நம்பியது அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் அம்மாவிடம் ஜெபமாலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குப் போய், வெலிங்டன் தீவில் நிற்கும் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். சாத்தானும் வந்து நின்றான். வேலை முடிந்து போகிறவர்களால் துறை நிறைந்திருந்தது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவர் பக்கத்திலும் இப்படி ஒருவன் இருந்தான். ரோஜா கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.